நிற்பதா, மாறுவதா?

மொழி என்றவுடன் தமிழ்ச் சங்கத்து அன்பர்களின் நெஞ்சம் தாய்மொழியை நோக்கியே செல்லும். அது இயல்பே. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ, கணிப்பொறிக்கு ஆணையிடுவதற்கென மனிதர் ஆக்கிய மொழிகளைப் பற்றியது. நமக்கு முந்திய தலைமுறையினர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறித் தில்லிக்கு வந்தனர். அவர்தம் பேரப் பிள்ளைகள் ஜாவாவும் பைத்தானும் கற்று, மெட்ரோ வண்டியில் நொய்டாவுக்கும் குருகிராமத்துக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். தட்டச்சு கற்றவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. ரெமிங்டன் ஆனாலும் ஃபாசிட் ஆனாலும் ஆங்கில விசைகளின் வரிசை ஒன்றுதான். நிரல்மொழிகளில் அந்த நிம்மதி இல்லை. கற்ற ஒன்றிலேயே நிலைத்து நிற்பதா, புதியது வருந்தோறும் மாறுவதா என்னும் கேள்வி பிள்ளைகளை வாட்டுகிறது. பிள்ளைகள் வழியே பெற்றோரையும் வந்து பற்றுகிறது.

நாம் பொறியாளர் அல்லோம். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, 2003-ஆம் ஆண்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தோம். சேர்ந்த வாரமே சம்பளப் பட்டியல் பிரிவில் அமர்த்தப்பட்டோம். ஒரு நிரல்மொழி செழித்திருந்ததையும் பின்னர் ஓய்ந்ததையும் அப்பிரிவின் நாற்காலியில் இருந்தபடியே கண்டோம். இதைப் பற்றி நாலு சொல் பேச அது போதும் என்று கருதுகிறோம்.

அந்நாளில் நம் பிரிவின் சம்பளக் கணக்கு, ஃபாக்ஸ்புரோ 2.6 என்னும் மொழியில் எழுதிய நிரலால் நடந்துவந்தது. எழுதியவர் வங்காளப் பெரியவர் ஒருவர். அலுவலகம் முழுவதும் அவரைத் 'தாதா' என்றே அழைக்கும். வங்க மொழியில் அது அண்ணனைக் குறிக்கும் சொல்; தமிழ்த் திரைப்படங்கள் அதற்குக் கொடுத்திருந்த பொருளை எண்ணி, முதல் சில நாள் நாம் சற்று அஞ்சியே அவர் அறைக்குச் சென்றோம். அவரும் கணிப்பொறியியல் படித்தவர் அல்லர்; வணிகவியல் பட்டதாரி. முதலில் டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்புரோ என்று தாமே கற்றுக்கொண்டவர். நண்பகல் உணவுக்குப் பின் நாள்தோறும் அரைமணி நேரம் நமக்குக் கற்பித்தார். கறுப்புத் திரையும், கறகறவென்று தாளைக் கடிக்கும் அச்சுப்பொறியுமே நம் பள்ளிக்கூடம். விசைப்பலகையைத் தொடுவதற்கு முன், கணக்கைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்வார். ஓர் ஊழியருக்கு எந்தப் படி உண்டு, எது இல்லை, ஏன் இல்லை என்பதைச் சொல்லத் தெரியாதவன் நிரல் எழுதக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

2008-ஆம் ஆண்டில் ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள், 2006 சனவரி முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தன. பழைய ஊதிய விகிதங்கள் போய், ஊதியப் பட்டையும் தர ஊதியமும் வந்தன. நிலுவைத் தொகையில் 40 விழுக்காடு அந்த நிதியாண்டிலும், எஞ்சிய 60 விழுக்காடு அடுத்த நிதியாண்டிலும் கொடுக்கப்பட்டன. அலுவலகமே கூடி நின்று காத்திருக்க, அச்சுப்பொறியில் முதல் நிலுவைப் பட்டியல் வெளிவந்தது. மூத்த அதிகாரிகள் சிலர் பெயருக்கு எதிரே தொகைக்கு மாறாக வெறும் விண்மீன் குறிகள்! ஐந்து இலக்கத்துக்கென ஒதுக்கிய கட்டத்தில் ஆறு இலக்கத் தொகை நுழையப் பார்த்தால் ஃபாக்ஸ்புரோ அப்படித்தான் குறி போடும். தாதா சிரித்தார். "இவர்களுக்கு இவ்வளவு பணம் வரும் என்று 1996-இல் எவன் கண்டான்?" என்றார். இரண்டு நாளில் கட்டங்களை அகலப்படுத்திப் பட்டியலைச் சரியாக எடுத்துக் கொடுத்தார். மொழியும் தெரிந்து, அலுவலகமும் தெரிந்த ஒருவர் இருந்தமையால் அது இரண்டு நாள் வேலையாக முடிந்தது.

ஒரு மொழியில் ஊன்றி நிற்பதன் பயன் இதுவே என்று அப்போது நாம் உறுதியாக நம்பினோம். இன்றும் பெரும்பாலும் நம்புகிறோம். ஆனால் நிற்கும் தரை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபாக்ஸ்புரோவின் குலவரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப் என்பவர் 1970-களின் பிற்பகுதியில் தம் ஓய்வு நேரத்தில் எழுதிய ஒன்றே டிபேஸ் ஆயிற்று. அதன் வழியைப் பின்பற்றி ஒஹாயோ மாநிலத்து ஃபாக்ஸ் நிறுவனம் ஃபாக்ஸ்பேஸையும், பின்னர் ஃபாக்ஸ்புரோவையும் ஆக்கியது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 2004-இல் வந்த ஒன்பதாம் பதிப்பே கடைசி. இனிப் புதிய பதிப்பு இல்லை என்று 2007-இல் அறிவித்தனர். 2015 சனவரியோடு பராமரிப்பும் நின்றது. மொழியில் குறை கண்டு எவரும் அதைக் கைவிடவில்லை. உடைமையாளர்க்கு வேறு திட்டங்கள் இருந்தன, அவ்வளவே. ஆயிரக்கணக்கான கடைகளும் அலுவலகங்களும் அதை நம்பியிருந்தது அவர்தம் கணக்கில் பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

தாதா 2011-இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த கணிப்பொறிகள் 64-பிட் விண்டோஸ் கொண்டவை. பழைய டாஸ் நிரல்கள் அவற்றில் நேராக ஓடமாட்டா. ஆகவே பழைய பொறி ஒன்றை மூலையில் வைத்து, 'தொடாதீர்' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டி, மாதத்தில் நான்கு நாள் அதற்கு உயிர் கொடுத்தோம். கோடையில் மின்விசிறியை அதன்பக்கம் திருப்பி வைத்தோம். இறுதியில் அதற்கும் முடிவு வந்தது. சம்பளக் கணக்கு வலைவழி இயங்கும் புதிய முறைக்கு மாற வேண்டும் என்று ஆணை வந்தது.

அவ்வாறு மாறிய மாதங்களில்தான் நாம் ஒன்றைத் தெளிவாகக் கண்டோம். புதிய முறையை அமைக்க வந்த இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். மொழிகள் பல அறிந்தவர்கள். "உங்கள் விதிகள் எவை? எழுதிக் கொடுங்கள்" என்றனர். அரசாணைகள் அடங்கிய கோப்புகளை எடுத்துக் கொடுத்தோம். அவை போதவில்லை. அரசு குடியிருப்பில் இருப்பவர்க்கு வீட்டு வாடகைப்படி நிறுத்தம், சிறு குடும்ப நெறிக்காக ஒருவர் பெற்றுவந்த தனிப்படி, பணி இடைநீக்கத்தில் இருந்து மீண்டவரின் நிலுவை, கூட்டுறவுச் சங்கக் கடன் பிடித்தத்தின் வரிசை என்று எண்ணற்ற நுணுக்கங்கள் தாதாவின் நிரலுக்குள்ளே மட்டும் இருந்தன. நாமும் மற்றோர் எழுத்தரும் அந்நிரலை அச்செடுத்து, வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் விளக்கி எழுதினோம். அதற்கு மூன்று மாதம் ஆயிற்று. இளைஞர்கள் அவற்றைப் புதிய மொழியில் எழுத எடுத்துக்கொண்ட காலம் அதில் பாதிகூட இல்லை. செத்த மொழி என்று அவர்கள் ஒதுக்கிய ஃபாக்ஸ்புரோவைப் படிக்கத் தெரிந்த இரண்டு எழுத்தர்கள் இல்லாதிருந்தால், அந்த ஆண்டு பலருடைய சம்பளம் எப்படி வந்திருக்கும் என்பதை அன்பர்களின் கற்பனைக்கே விடுகிறோம்.

இனி நம் மைத்துனர் கதை. துணைவியாரின் மூத்த சகோதரர், சென்னையில் இருக்கிறார். 1997-இல், 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க ஆள் தேடியபோது, கோபோல் கற்று வேலைக்குச் சேர்ந்தவர். ஆண்டை இரண்டு இலக்கத்தால் எழுதிவந்த பழைய நிரல்களை எல்லாம் தேடித் திருத்தும் வேலை அது. கோபோல் 1959-இல் ஒரு குழுவால் வகுக்கப்படத் தொடங்கி, 1960-இல் முதல் வடிவம் பெற்ற மொழி. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதனை இன்னும் விட்டபாடில்லை. நம் அன்னையாருக்கு அச்சொல் 'கோபால்' என்றே காதில் விழும். மகனின் மைத்துனர் இத்தனை ஆண்டு ஒரே முதலாளியிடம் பணிபுரிவதை எண்ணி, "அந்தக் கோபால் நல்ல மனிதர் போலும்" என்று பலமுறை பாராட்டியிருக்கிறார்.

அவர் பாராட்டு முற்றிலும் பொய்யன்று. இருபத்தைந்து ஆண்டு அந்தக் கோபால் மைத்துனர் குடும்பத்தைக் காப்பாற்றினார். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது, வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் பழைய நிரல்கள் திணறியதால், கோபோல் தெரிந்தவர்கள் தொண்டாற்ற முன்வர வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அச்செய்தியை மைத்துனர் நமக்கு அனுப்பியபோது, "பார்த்தீர்களா மாப்பிள்ளை!" என்று மட்டும் எழுதியிருந்தார். அவ்வளவு பெருமிதம்.

இரண்டாண்டு கழித்து, அவர் பணிபுரிந்த அயல்நாட்டு வாடிக்கையாளர் தம் நிரல்களை ஜாவாவுக்கு மாற்ற முடிவு செய்தார். மைத்துனருக்கு வயது ஐம்பது. வீட்டுக் கடனில் ஒன்பது ஆண்டு பாக்கி. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. துணைவியார் இரவில் நெடுநேரம் அண்ணியாரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஆறு மாதம் அவ்வீட்டில் நிலவிய அமைதியை நாம் பொங்கலுக்குச் சென்றபோது கண்டோம். ஒரே மொழியில் நின்றவர்க்கு அறிவுரை சொல்ல அப்போது பலர் வந்தனர். முன்னரே மாறியிருக்க வேண்டும் என்றனர். நமக்கு அது அறிவுரையாகத் தோன்றவில்லை.

நடந்தது வேறு. பழைய நிரல் என்ன செய்கிறது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. காப்பீட்டுத் தவணை தவறியவர்க்கு எத்தனை நாள் சலுகை, எந்த ஆண்டுப் பத்திரத்துக்கு எந்த விகிதம் என்பன எல்லாம் கோபோலுக்குள் இருந்தன. மைத்துனரின் தலைக்குள்ளும் இருந்தன. அவரை அப்பணியில் வைத்துக்கொண்டனர். ஜாவா எழுதும் பிள்ளைகளோடு ஒரே மேசையில் அமர நேர்ந்ததால், அவரும் ஜாவாவைக் கற்றார். "முதல் மொழி எனக்கு ஓராண்டு தின்றது, இது ஆறு வாரம்" என்றார். ஐம்பது வயதில் இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நம் மகள் வந்து நின்றாள். பள்ளியில் பைத்தான் படித்தாள்; பொறியியற் கல்லூரியில் ஜாவா. மூன்றாம் ஆண்டு முடியும் வேளையில், ஜாவா பழையதாகிவிட்டது என்றும், 'கோ' என்னும் மொழிக்கு உடனே மாற வேண்டும் என்றும் கூறினாள். ஆறு மாதப் பயிற்சிக்குக் கட்டணம் 60,000 ரூபாய். நாம் 2004-க்கு முன் பணியில் சேர்ந்தவராதலால் பொது வருங்கால வைப்பு நிதி உண்டு. அதிலிருந்து எடுக்கலாம் என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். கோ மொழியைக் குறைத்துச் சொல்ல நமக்கு எண்ணமில்லை. கூகுள் நிறுவனத்தில் உருவாகி, 2009-இல் வெளியிடப்பட்டது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர்க்கு விடையளிக்கும் வலைநிரல்களுக்கு அது நன்கு பொருந்தும் என்கின்றனர். ஆனால் அவளிடம் அத்தகைய வேலை எதுவும் இல்லை. தோழியர் மூவர் சேர்ந்துவிட்டனர் என்பதே வலிய காரணமாக இருந்தது.

அவளுடைய பெரிய மாமாவைக் கேட்டோம். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் கூறவில்லை. "அப்பாவின் பழைய சம்பளப் பட்டியலை வாங்கிக்கொள் அம்மா. 2010 சனவரி அகவிலைப்படியை உனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதிக் காட்டு" என்றார்.

அவள் பைத்தானில் எழுதினாள். தந்தையை மகிழ்விக்க வேண்டி, 'அடிப்படை', 'அகவிலைப்படி' என்று பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இட்டிருந்தாள். பைத்தான் மூன்றாம் பதிப்பு அதை ஏற்கும். நாம் உண்மையிலேயே மகிழ்ந்தோம். தாதாவின் கறுப்புத் திரையில் ஒரு 'ழ'வைக் காண முடிந்ததில்லை. பிறகு எண்களைச் சரிபார்த்தோம். அம்மாதம் அகவிலைப்படி 35 விழுக்காடு. 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடுக என்பது விதி. புதிதாகச் சேர்ந்த கீழ்நிலை எழுத்தரின் அடிப்படை 7,730. படி 2,705 ரூபாய் 50 காசு. நிரல் 2,706 என்றது. சரியே. நேரடியாகச் சேர்ந்த மேல்நிலை எழுத்தரின் அடிப்படை 9,910. படி 3,468 ரூபாய் 50 காசு. அதற்கு 3,469 வர வேண்டும். நிரல் 3,468 என்றது.

கீழ்நிலை எழுத்தருக்குச் சரியாகவும் மேல்நிலை எழுத்தருக்கு ஒரு ரூபாய் குறைவாகவும் கணக்கிடும் பொறியை நாம் அதுவரை கண்டதில்லை. மகள் மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். காரணத்தை மாமாதான் தொலைபேசியில் விளக்கினார். பைத்தான் மூன்றாம் பதிப்பில் முழுமையாக்கும் ஆணை, எண் சரிபாதியில் நின்றால் அதனை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்லும். ஆகவே முன்னது 2,706-க்கு ஏறியது. பின்னது 3,468-க்கு இறங்கியது. எப்போதும் மேலே ஏற்றினால் பெருந்தொகுப்புகளின் கூட்டுத்தொகை சிறிது சிறிதாக வீங்கிவிடும் என்பதால் அறிவியலார் கைக்கொள்ளும் முறை அது. அதில் பிழையில்லை, ஆனால் அது நம் அரசாணை அன்று. இன்னொன்றும் சொன்னார். பைத்தானின் இரண்டாம் பதிப்பிலே அதே ஆணை மேல்நோக்கியே ஏற்றியது. 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது மாற்றிவிட்டனர். இரண்டாம் பதிப்பை 2020 சனவரி 1-ஆம் நாளோடு ஓய்வுபெறச் செய்தனர். பைத்தானை விட்டு அசையாமல் இருந்தவனுக்கும் அவ்வாணையின் பொருள் மாறியே போயிற்று.

மகள் அன்று மாலையே பைத்தானிலுள்ள பதின்மக் கணக்குத் தொகுதியைத் தேடிப்பிடித்து, விதியை வெளிப்படையாகக் குறித்து, நிரலைத் திருத்தினாள். அதையே ஜாவாவிலும் எழுதிப் பார்த்தாள். பிறகு பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் எழவில்லை. நாமும் கேட்கவில்லை. இரண்டு வாரம் சென்று, கோ மொழியின் பாடங்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்துக்கொள்வதாகவும், இறுதியாண்டுத் திட்டப்பணியை ஜாவாவிலேயே செய்யப் போவதாகவும் துணைவியாரிடம் கூறினாளாம்.

சங்கத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "மொழி மாறாதவள், தமிழச்சி அல்லவா!" என்று மெச்சினார். அவர் அன்புக்கு நன்றி. எனினும் அந்த ஒப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை. எவரும் ஜாவாவில் தாலாட்டுக் கேட்டு வளர்வதில்லை. காய்கறிச் சந்தையில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ் என்று இந்நகரில் வாழும் நாம், ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டுவதில்லை என்பதைப் பழகி அறிந்திருக்கிறோம். விட்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வீட்டுப் பேரப் பிள்ளைகள் பாட்டியின் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதையும் கண்டிருக்கிறோம். நிரல்மொழியில் அத்தகைய துயரம் இல்லை. தேவை வந்தால் மாறலாம். வேண்டுமானால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வாண்டு வளாகத் தேர்வில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தேர்வுக் குழுவினர் மொழிகளைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டனராம். பிறகு, செய்த ஒரு நிரலைப் பற்றி விளக்கச் சொன்னபோது, மேல்நிலை எழுத்தருக்குக் குறைந்த அந்த ஒரு ரூபாயின் கதையையே சொல்லியிருக்கிறாள். வேலை ஆணையை நாம் இருமுறை படித்தோம். சம்பளம், பணியிடம், சேரும் நாள் எல்லாம் இருந்தன. மொழி எதுவும் குறிக்கப்படவில்லை. பயிற்சி முடிந்தபின் தேவைக்கேற்ப ஒதுக்குவார்களாம். அன்னையாருக்கு இதைச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "இவளையும் அந்தக் கோபாலிடமே விட்டால் நல்லது" என்றார்.